நெகிழி வாகனப் பாகங்களிலிருந்து மரப்பிசின் நீக்கல்

நெகிழி வாகனப் பாகங்களிலிருந்து மரப்பிசின் நீக்கல் என்பது, மரங்களிலிருந்து சொட்டும் பிசின், பால் போன்ற ஒட்டும் பொருட்களைத் தானுந்து முதலிய வாகனங்களின் வெளிப்புற நெகிழிப் பாகங்களிலிருந்து, அப்பாகங்களின் நிறமும் மேற்பரப்பும் கெடாதவாறு அகற்றும் செயல்முறையாகும். பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகளின் விளிம்பு, கதவுகளின் பக்கப்பட்டை, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் தண்டுகள் பொருந்தியுள்ள மூடி ஆகியவை பல வாகனங்களில் வண்ணம் பூசப்படாத கருநிற அல்லது சாம்பல்நிற நெகிழியால் ஆனவை. இக்கட்டுரை பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

வண்ணம் பூசிய உலோகப் பகுதியில் நிறத்தின் மேல் ஒளிபுகும் மேற்பூச்சு ஒன்று உள்ளது. பிசினும் அதனை நீக்கும் கரைப்பானும் முதலில் தொடுவது அந்தப் பூச்சையே. அதில் இலேசான கீறல் விழுந்தாலும் மெருகேற்றிச் சரிசெய்துவிட முடியும். வண்ணம் பூசப்படாத நெகிழிப் பாகத்துக்கு அத்தகைய காப்பு இல்லை. நிறமி நெகிழியினுள்ளேயே கலந்துள்ளது. மேற்பரப்பு தோல் போன்ற வரிகளுடன் சொரசொரப்பாக வார்க்கப்பட்டுள்ளது. எனவே அதனை மெருகேற்றவும் இயலாது. பிசின் இப்பாகங்களின் நிறத்தை மாற்றுவது அரிது. அதை நீக்க மேற்கொள்ளப்படும் முயற்சியே பெரும்பாலும் நிறத்தை மாற்றிவிடுகின்றது.

வடிபொருட்களின் வகைகள்

தமிழில் பிசின் என்னும் ஒரே சொல், வேதியியல் அடிப்படையில் முற்றிலும் வேறுபட்ட இருவகைப் பொருட்களைக் குறிக்கின்றது. ஜிகர்தண்டாவில் சேர்க்கப்படும் பாதாம் பிசின் இரவு முழுதும் நீரில் ஊறினால் பன்மடங்கு உப்பிக் கூழ்போல் ஆகின்றது. சாம்பிராணியைப் போலப் புகைக்கப் பயன்படும் குங்கிலியத்தை எத்தனை நாள் நீரில் இட்டு வைத்தாலும் அது கரைவதில்லை, உப்புவதும் இல்லை. முன்னது பல்சக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். பின்னது டெர்ப்பீன் வகைச் சேர்மங்களால் ஆனது. பிசினை நீக்குவதில் ஏற்படும் தவறுகளில் பல, இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே கரைப்பானைக் கையாளுவதால் நேர்பவை.

வேம்பு, கருவேலம், முருங்கை ஆகிய மரங்களின் பிசின் முதல் வகையைச் சேர்ந்தது. இது காய்ந்தால் கண்ணாடி போல் கெட்டியாகும். பார்வைக்குக் கடினமாகத் தோன்றினாலும் வெதுவெதுப்பான நீருக்கு இளகிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவற்றால் இதற்கு ஒன்றும் ஆவதில்லை. வேப்பம் பிசினை மண்ணெண்ணெய் கொண்டு தேய்ப்பவர் உண்மையில் பிசினைக் கரைப்பதில்லை. துணியின் உராய்வால் அதனைச் சுரண்டுகிறார், கூடவே நெகிழியையும் சுரண்டுகிறார்.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பைன் மரத்தின் பிசின். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் பைன் மரங்களின் கீழே நிறுத்தப்படும் வாகனங்களில் இதனைக் காணலாம். இமாச்சலப் பிரதேசத்திலும் உத்தராகண்டத்திலும் சிர் பைன் மரத்தின் தண்டைக் கீறிப் பிசின் வடிப்பது நெடுநாளைய தொழிலாகும். புதிதாக வடியும் பைன் பிசினில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று எளிதில் ஆவியாகும் டர்ப்பண்டைன். இதன் முதன்மைக் கூறு பைனீன். மற்றொன்று ஆவியாகாத ரோசின். இதில் அபியெட்டிக் அமிலமும் அதனை ஒத்த அமிலங்களும் மிகுதி. சொட்டிய சில நாட்களில் டர்ப்பண்டைன் ஆவியாகிவிட, ரோசின் எஞ்சி, காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து மஞ்சள் நிறமாக இறுகுகின்றது. முதல் நாளில் சில நிமிடங்களில் போகும் பிசின் ஒரு மாதத்துக்குப் பின் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வது இதனாலேயே.

மூன்றாவது வகை மரப்பால். பலா, ஆல், அத்தி ஆகியவற்றின் பாலில் இரப்பரின் அடிப்படைப் பொருளான பாலி ஐசோபிரீன் நுண்துளிகளாக மிதக்கின்றது. காய்ந்த பால் நூலாக இழுபடும். நீரும் ஆல்ககாலும் இதனைக் கரைப்பதில்லை, ஆனால் எண்ணெய் இளக்கும். பலாப்பழம் அரியும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கத்தின் வேதியியலும் இதுவே. மாங்காயின் காம்பிலிருந்து பீறிடும் பால் சற்று வேறானது. அதில் டெர்ப்பீன்கள் கரைந்த எண்ணெய்ப் பகுதி ஒன்று உண்டு. அது பழத்தின் தோலையே கருக்கிவிடக் கூடியது. மனிதத் தோலிலும் கொப்புளம் எழுப்பும். ஆகவே மாம்பால் பட்டால் காயவிடாமல் உடனே கழுவிவிடுவது நன்று.

மரத்தடி வாகனங்களில் படியும் ஒட்டுப்பொருள் சில வேளைகளில் மரத்தினுடையதே அன்று. தத்துப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி ஆகியவை மரச்சாற்றை உறிஞ்சி, மிகுதியான சர்க்கரையைத் தேன் போன்ற திரவமாக வெளியேற்றுகின்றன. மா பூக்கும் காலத்தில் வாகனத்தின் மேல் பனித்துளி போல் நுண்புள்ளிகளாகப் படிவது பெரும்பாலும் இது. நாட்பட்டால் இதன் மீது கரும்பூசணம் வளரும். சர்க்கரை என்பதால் வெறும் சோப்பு நீரே இதற்குப் போதும்.

எவ்வகை என அறியாதபோது எளிய சோதனை ஒன்று உதவும். நீரில் நனைத்த பஞ்சை அத்துளியின் மீது பத்து நிமிடம் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வழவழப்பாகவோ கூழாகவோ மாறினால் அது பல்சக்கரைடுப் பிசின் அல்லது பூச்சித் திரவம். மாற்றம் எதுவும் இன்றி, கிள்ளித் தேய்த்தால் டர்ப்பண்டைன் மணம் வீசினால் அது பைன் வகை. நூலாக இழுபட்டால் அது மரப்பால்.

பாகங்களில் பயன்படும் நெகிழிகள்

வண்ணம் பூசாத கருநிறப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954இல் இதன் ஒழுங்கமைந்த வடிவத்தை உருவாக்கினார். 1963இல் அவருக்கும் கார்ல் சீக்லருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தூய பாலிபுரொப்பிலீன் 0 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் நொறுங்கும் தன்மை பெறுவதால், பம்பருக்கு அதனோடு இரப்பரும், விறைப்புக்காக டால்க் என்னும் மாக்கல் தூளும் கலக்கப்படுகின்றன. டால்க் வெண்ணிறமானது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் இது தேவைப்படும்.

முன்புற கிரில், பக்கக் கண்ணாடியின் உறை, ஈருருளிகளின் பக்கவாட்டு மூடிகள் ஆகியவற்றில் ஏ.பி.எஸ் என்னும் நெகிழி மிகுதி. முகப்பு விளக்கின் ஒளிபுகும் மூடி பாலிகார்பனேட்டாலும், பின்விளக்கின் மூடி பல வாகனங்களில் அக்ரிலிக்காலும் ஆனவை. பாகத்தைக் கழற்ற முடிந்தால் அதன் உட்புறத்தில் நெகிழியின் குறியீடு வார்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஐ.எஸ்.ஓ 11469 என்னும் சீர்தரத்தின்படி இக்குறியீடு இரு கோண அடைப்புகளுக்கு இடையே அமைகின்றது. பி.பி என்னும் ஆங்கில எழுத்துகள் பாலிபுரொப்பிலீனையும், அதனைத் தொடர்ந்து வரும் டி.டி 20 என்பது நூற்றுக்கு 20 பங்கு டால்க் தூளையும் குறிக்கும்.

கரைப்பானின் தேர்வு

ஒரு கரைப்பான் எதைக் கரைக்கும், எதை விட்டுவிடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். அமெரிக்க வேதியியலாளர் ஜோயல் ஹில்டெப்ராண்ட், மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமையை ஒரே எண்ணாகக் குறிக்கும் கரைதிறன் அளவுருவை வகுத்தார். மெகாபாஸ்கலின் வர்க்கமூலம் என்னும் அலகில் இது எக்சேனுக்கு சுமார் 15, டொலுயீனுக்கு 18, அசிட்டோனுக்கு 20, எத்தனாலுக்கு 26, நீருக்கு 48 ஆகும். இரு பொருட்களின் எண்கள் நெருங்கியிருந்தால் அவை ஒன்றில் ஒன்று கரையக்கூடும். ஏ.பி.எஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட்டு ஆகியவற்றின் எண்கள் 19ஐ ஒட்டி அமைகின்றன. அசிட்டோனும் டொலுயீனும் கலந்த பெயிண்ட் தின்னர் இவற்றைக் கண்முன்னே இளக்கிவிடுவது இதனால்தான். பாலிபுரொப்பிலீனின் எண் 16க்கும் 18க்கும் இடைப்பட்டது. அது பகுதிப் படிக அமைப்புடையதாதலால் அறை வெப்பநிலையில் எதிலும் எளிதாகக் கரைவதில்லை. ஆனால் டர்ப்பண்டைன், மண்ணெண்ணெய் போன்றவை நெடுநேரம் பட்டால் அவற்றை உறிஞ்சி உப்பும்.

ஒரே எண்ணால் எல்லாவற்றையும் விளக்க முடியாது. 1967இல் சார்ல்ஸ் ஹான்சன் இதனை மூன்று எண்களாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று ஐதரசன் பிணைப்பைக் குறிப்பது. ரோசினில் உள்ள அமிலங்கள் ஆல்ககாலோடு ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்தக் கூடியவை. பாலிபுரொப்பிலீனில் கார்பனும் ஐதரசனும் மட்டுமே உள்ளதால் அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஆல்ககால் பைன் பிசினைக் கரைக்கின்றது, அதன் கீழுள்ள கருநிற நெகிழியை விட்டுவிடுகின்றது. மின்னணுச் சுற்றுப் பலகைகளில் ஈயப்பற்று வைத்தபின் எஞ்சும் ரோசின் இளக்கியை ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைப்பது பொறியியல் மாணவர்கள் அறிந்ததே. வாகனத்தில் நடப்பதும் அதே செயல்தான்.

இந்த ஆல்ககால் இன்று தேடி அலைய வேண்டிய பொருளன்று. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் பல வீடுகளில் கைத்தூய்மித் திரவம் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரு கலவைகளில் ஒன்றில் 80 விழுக்காடு எத்தனாலும், மற்றொன்றில் 75 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்ககாலும் உள்ளன. கூழ் வடிவில் உள்ள கைத்தூய்மி செங்குத்தான பரப்பிலும் வழியாமல் துளியின் மீதே தங்குவது ஒரு வசதி. எனினும் பின்விளக்கின் அக்ரிலிக் மூடியில் ஆல்ககால் படக்கூடாது. அக்ரிலிக்கில் வார்ப்பின்போது தங்கிய தகைவு இருந்தால், ஆல்ககால் பட்டவுடன் அதில் முடியிழை போன்ற விரிசல்கள் தோன்றும். அவற்றைப் பின்னர் நீக்க இயலாது.

நிறம் மாறுவதற்கான காரணங்கள்

கருநிறப் பாகம் வெளுத்துவிட்டது என்று கூறப்படுவது ஒரே நிகழ்வன்று. குறைந்தது நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே மாதிரித் தோற்றம் தருகின்றன.

முதலாவது, எச்சம். மெருகு மெழுகு, பற்பசை ஆகியவற்றிலுள்ள நுண்ணிய தூள் மேற்பரப்பின் வரிகளுக்குள் புகுந்து காய்ந்து வெண்மையாகத் தெரியும். இங்கு நெகிழிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு மெல்லத் தேய்த்தால் போகும். அமெரிக்காவில் இவ்வெச்சத்தை நீக்க வேர்க்கடலை வெண்ணெயைத் தடவும் வழக்கம் உண்டு. வேலை செய்வது அதில் ஏறத்தாழப் பாதியாக உள்ள கடலை எண்ணெய். எனவே நேராகக் கடலை எண்ணெயையே பயன்படுத்தலாம்.

இரண்டாவது, மேற்பரப்பின் அமைப்பு மாறுதல். பாத்திரம் துலக்கும் பச்சை நார், மெலமைன் பஞ்சு ஆகியவை நுண்ணிய உப்புத்தாள் போன்றவை. இவை வார்ப்பின் வரிகளைத் தேய்த்துவிட, அவ்விடம் ஒரு கோணத்தில் பளபளப்பாகவும் வேறொரு கோணத்தில் வெளிறியும் தெரியும். நகத்தாலோ கத்தியாலோ அழுத்திச் சுரண்டினால், பாலிபுரொப்பிலீன் இழுபட்டு அதனுள் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகி ஒளியைச் சிதறடிக்கும். வெள்ளைக் கோடாகத் தெரிவது அச்சிதறலே.

மூன்றாவது, கரைப்பானின் விளைவு. கருநிறத்தைத் தருவது கார்பன் பிளாக் என்னும் நுண்கரி. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அளவிலேயே சேர்க்கப்படும் இது, நிறம் தருவதோடு புறஊதாக் கதிர்களை உறிஞ்சி நெகிழியைக் காக்கவும் செய்கின்றது. கரைப்பான் மேற்பரப்பை உப்பச் செய்யும்போது, அங்குள்ள ஒளிநிலைப்படுத்திகளையும் தளர்ந்த நுண்கரியையும் துணி துடைத்தெடுத்துச் செல்லும். துணியில் கருமை படிவது இதற்கான எச்சரிக்கை. எஞ்சும் மேற்பரப்பில் வெண்ணிற டால்க் தூள் வெளித்தெரியத் தொடங்கும். அவ்விடம் இனி வெயிலில் முன்னிலும் விரைவாக வெளுக்கும் என்பதே இதில் கவலைக்குரியது.

நான்காவது பலரும் எண்ணிப் பார்க்காதது. பல ஆண்டுகள் வெயிலில் நின்ற பாகம் முழுவதும் ஏற்கெனவே வெளிறியிருக்கும். பிசின் இருந்த இடத்தை மட்டும் தூய்மை செய்தால், அவ்வட்டம் சுற்றுப்புறத்தை விடக் கருமையாகத் தெரியும். உண்மையில் மாறியிருப்பது சுற்றுப்புறமே.

நீக்கும் முறை

வாகனம் நிழலில் நின்று, பாகம் தொடுவதற்குக் குளிர்ந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். சூடான பரப்பில் ஆல்ககால் பிசினைக் கரைக்கும் முன்பே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ நெகிழிக்குள் விரைவாக ஊறும். முதலில் பாகம் முழுவதையும் வாகன ஷாம்பு கலந்த நீரால் கழுவ வேண்டும். மண்துகள்கள் இருக்கும்போது துடைத்தால் துணியே உப்புத்தாளாகிவிடும்.

அடுத்து வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பிசின் மீது 15 நிமிடம் போர்த்தி வைக்க வேண்டும். வேம்பு, முருங்கைப் பிசினும் பூச்சித் திரவமும் இக்கட்டத்திலேயே போய்விடும். ஒரு முறையில் முழுதும் போகாவிட்டால் மறுமுறை ஊறவைக்கலாம். தேய்ப்பதைக் கூட்டுவதைவிட ஊறும் நேரத்தைக் கூட்டுவதே எப்போதும் பாதுகாப்பானது.

பைன் பிசின் உருண்டையாகத் திரண்டிருந்தால், பனிக்கட்டியைப் பாலித்தீன் பையிலிட்டு இரண்டு மூன்று நிமிடம் அதன் மேல் வைக்கலாம். குளிர்ந்த ரோசின் கண்ணாடி போல் நொறுங்கும். பழைய ஏ.டி.எம் அட்டையின் விளிம்பால் அதனைப் பெயர்த்தெடுக்கலாம். குளிர்ந்த நெகிழியும் விறைத்திருக்கும் ஆதலால் எதைக் கொண்டும் தட்டக்கூடாது. எஞ்சும் படலத்துக்கு 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்ககாலை வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து அரை நிமிடம் ஒற்றிவைத்து, வரிகளின் திசையிலேயே ஒருமுறை இழுத்துத் துடைக்க வேண்டும். துணியின் அதே பகுதியால் மீண்டும் துடைத்தால் கரைந்த பிசின் வரிகளுக்குள் பரவும். துணி வெள்ளையாக இருப்பது, மஞ்சள் வருகின்றதா கறுப்பு வருகின்றதா என்று பார்ப்பதற்காகவே. மஞ்சள் என்றால் பிசின். கறுப்பு என்றால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

மரப்பாலுக்குத் தேங்காயெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டு, விரல் நுனியால் உருட்டி எடுக்கலாம். எண்ணெய் பட்ட இடம் கருமையாகத் தெரிவது தற்காலிகமானது. ஷாம்பு நீரால் இருமுறை கழுவினால் மறையும். கழுவாமல் விட்டால் தூசி படிந்து கறையாகும். பலமுறை முயன்றும் போகாத பழைய பைன் பிசினுக்கும் மரப்பாலுக்கும் மட்டும், அதுவும் பாலிபுரொப்பிலீன் என உறுதியாகத் தெரிந்த பாகத்தில், மண்ணெண்ணெயை இறுதி வழியாகக் கொள்ளலாம். துணியில் சில துளிகள் இட்டுச் சில நொடிகள் மட்டும் துடைத்து, உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும். கதவின் இரப்பர் விளிம்புகளில் அது படக்கூடாது. எந்தக் கரைப்பானையும் முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்து, அது உலர்ந்த பிறகு பார்ப்பது நன்று. ஈரமாக இருக்கும்போது எந்த இடமும் கருமையாகவே தெரியும்.

முடிவில் பாகத்தை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே சீராகக் கழுவித் துடைத்தால் மேலே கூறிய வட்டத் தடம் பெரிதும் குறையும்.

தவிர்க்க வேண்டியவை

பெட்ரோலைப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. அதன் ஆவி சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக் கூடியது. மேலும் அதில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் உள்ளது. நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசிட்டோன் இருப்பதால் ஏ.பி.எஸ், பாலிகார்பனேட்டுப் பாகங்களின் அருகே அதனைக் கொண்டுசெல்லவே கூடாது. இயற்கைப் பொருள் என்பதால் நீலகிரித் தைலம் தீங்கற்றது என்று கருதப்படுவதுண்டு. அதுவும் டெர்ப்பீன் வகைக் கரைப்பானே; ஏ.பி.எஸ் நெகிழியின் பளபளப்பை அது கெடுக்கும். ஆல்ககாலும் எளிதில் தீப்பற்றுவது என்பதால் காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பின்றிக் கையாள வேண்டும்.

நிறம் மாறிய பின்

வெளுத்த இடத்தைச் சோப்பு நீரும் பல்துலக்கியும் கொண்டு கழுவி உலர்த்திய பின், அதில் ஒரு துளி எண்ணெய் இட்டுப் பார்க்க வேண்டும். பாலிபுரொப்பிலீனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49, சமையல் எண்ணெய்களின் எண் சுமார் 1.47. இரண்டும் நெருங்கியவை ஆதலால், எண்ணெய் நுண்பள்ளங்களை நிரப்பியவுடன் ஒளிச்சிதறல் நின்று கருமை திரும்பும். அவ்வாறு திரும்பினால் நிறமி இன்னும் உள்ளே இருக்கின்றது, கெட்டிருப்பது மேற்பரப்பு மட்டுமே என்று பொருள். இத்தகைய பாகங்களுக்குக் கடைகளில் கிடைக்கும் சிலிக்கோன் அடிப்படையிலான பூச்சுகள் ஏற்றவை. அவையும் எண்ணெய் செய்யும் வேலையையே செய்கின்றன. ஆனால் மழைக்கு எளிதில் போவதில்லை. எண்ணெய் இட்டும் வெளிறியே இருந்தால் மேற்பரப்பிலுள்ள நிறமி போய்விட்டது எனலாம். அதற்குச் சாயம் கலந்த பூச்சு அல்லது நெகிழிக்கான அடிப்பூச்சுடன் கூடிய வண்ணம் தேவைப்படும்.

வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் மேற்பரப்பைச் சூடேற்றிக் கருமையை மீட்கும் முறையும் உண்டு. பாலிபுரொப்பிலீன் சுமார் 160 பாகை செல்சியஸில் உருகுவதாலும், துப்பாக்கியின் காற்று அதனினும் பன்மடங்கு சூடானதாலும், கை சற்றுத் தாமதித்தால் வரிகள் உருகி மறைந்துவிடும். காலணிக்குப் பூசும் கருமெழுகு இரண்டு மழைக்குக் கூடத் தாங்குவதில்லை. அதன்பின் அது வழிந்து கதவின் வண்ணத்தில் கோடுகளாகப் படியும்.